கொண்டை போட்டால் தெரியுமா? ஃபேஸ்லிஃப்ட் கீறல்களும் தழும்பு ஆறிய விதமும்: ஒரு நிகழ்வு ஆய்வு

பின்னணி

சிங்கப்பூரில் பிறந்து வளர்ந்த 59 வயதுத் தமிழ்ப் பெண்மணி, பணி ஓய்வு பெற்றவர். கன்னச் சதை தாடை எலும்புக்குக் கீழே இறங்கியிருந்தது. கழுத்தின் முன்புறம் இரண்டு நாண்கள் கட்டியதுபோலத் தசைப்பட்டைகள் துருத்தி நின்றன. மகனின் திருமணத்துக்கு எட்டு மாதம் இருந்தது. அதற்கு ஆறு வாரம் முன்பு, தளர்ந்த முகத்தையும் கழுத்தையும் தூக்கிச் சீராக்கும் அறுவையான ஃபேஸ்லிஃப்ட் செய்துகொள்ளலாம் என்ற எண்ணத்தோடு மகளுடன் வந்தார். தெரிந்தவர்கள் சிலர் "தழும்பே விழாது" என்று சொல்லியிருந்தார்கள்.

நீரிழிவுக்கு மெட்ஃபார்மினும் இரத்த அழுத்தத்துக்கு அம்லோடிபினும் எடுத்துவந்தார். புகைப்பழக்கம் இல்லை. வெற்றிலையோடு புகையிலை போட்டதுண்டா என்றும் கேட்கப்பட்டது. நிகோட்டின் எந்த வழியில் உள்ளே போனாலும் தோலின் நுண்குழாய்களைச் சுருக்கிவிடும், ஆனால் நம் ஊர்ப் பெரியவர்கள் புகைப்பழக்கம் உண்டா என்ற கேள்விக்கு இதைச் சேர்த்துச் சொல்வதில்லை. அந்தப் பழக்கமும் இவருக்கு இல்லை. மீனெண்ணெய் மாத்திரையும் பூண்டு மாத்திரையும் எடுத்துக்கொண்டிருந்தார். இரண்டும் இரத்தம் உறைவதைத் தாமதப்படுத்தக்கூடியவை. அறுவைக்கு இரண்டு வாரம் முன்பே நிறுத்தச் சொல்லப்பட்டது.

அழகுக்காகச் செய்யும் அறுவைக்கு, சிங்கப்பூரின் மருத்துவச் சேமிப்புக் கணக்கான மெடிசேவ் பணத்தைப் பயன்படுத்த முடியாது என்பதும் முதல் நாளே தெளிவாக்கப்பட்டது.

முதல் சந்திப்பில் கண்டவை

முகத்தைப் பார்ப்பதற்கு முன்னால் அவர் உடலில் ஏற்கெனவே இருந்த தழும்புகள் பார்க்கப்பட்டன. ஒருவருடைய தோல் எப்படி ஆறும் என்பதற்கு அந்தத் தோலில் ஆறிய பழைய காயத்தைவிட நல்ல சாட்சி கிடையாது. இவரிடம் அப்படி மூன்று இருந்தன.

ஒன்று, இடது மேற்கையில் காசநோய்த் தடுப்புக்கான பிசிஜி ஊசித் தழும்பு. வட்டமாக, லேசாகக் குழிந்து, மேடில்லாமல் இருந்தது. இரண்டு, அடிவயிற்றில் சிசேரியன் தழும்பு. நடுவில் மெல்லிய கோடு, இரு முனைகளிலும் சற்றுத் தடிப்பு. மூன்றாவதுதான் கவலை தந்தது. முப்பதுகளில் வலது காது மடலின் மேல்விளிம்பில் குத்திய இடத்தில் பட்டாணி அளவு கட்டி எழும்பியிருக்கிறது. அப்போதே ஸ்டெராய்டு ஊசி போட்டுக் கரைத்திருக்கிறார்கள். திரும்ப வரவில்லை.

அந்தக் கட்டி கீலாய்டா, வெறும் தடித்த தழும்பா என்பதை இத்தனை ஆண்டு கழித்து உறுதியாகச் சொல்ல வழியில்லை. இரண்டுக்கும் உள்ள வேறுபாடு முக்கியமானது. தடித்த தழும்பு காயத்தின் எல்லைக்குள்ளேயே மேடாகும், காலப்போக்கில் தணியவும் செய்யும். கீலாய்டு காயத்தின் எல்லையைத் தாண்டி நல்ல தோலுக்குள் பரவும், தானாக வற்றாது, காயம் ஆறிப் பல மாதம் கழித்தும் தலைகாட்டும். கருமையான தோல் உள்ளவர்களிடம் இரண்டுமே கூடுதலாகக் காணப்படுகின்றன. தோலை வெளுப்பிலிருந்து கருமை வரை ஆறு வகையாகப் பிரிக்கும் ஃபிட்ஸ்பாட்ரிக் அளவையில் இவருடைய தோல் ஐந்தாம் வகை.

இரத்தப் பரிசோதனையில், கடந்த மூன்று மாதச் சர்க்கரையின் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி 6.8% இருந்தது. இரத்த அழுத்தம் 148/88. சர்க்கரை ஏற்கத்தக்க அளவு. அழுத்தம் அப்படியில்லை. ஃபேஸ்லிஃப்டில் அடிக்கடி நேரும் சிக்கல் தோலுக்கடியில் இரத்தம் தேங்குவது, அதுவும் பெரும்பாலும் முதல் 24 மணி நேரத்தில். அழுத்தம் ஏறியிருந்தால் அந்த ஆபத்தும் ஏறும். மருந்தளவு சரிசெய்யப்பட்டு மூன்று வாரத்தில் 128/78க்கு வந்தது.

பேச்சு முடியும் நேரத்தில் அவர் ஒரு கேள்வி கேட்டார்: "டாக்டர், கொண்டை போட்டா தெரியுமா?"

அந்தக் கேள்விதான் பிறகு கீறல் எங்கே விழவேண்டும் என்பதைத் தீர்மானித்தது. ஃபேஸ்லிஃப்ட் தழும்பு முடிக்குள் மறைந்துவிடும் என்று பொதுவாகச் சொல்லும்போது, முடி தோளில் விழுந்து காதை மூடியிருக்கும் பெண்ணே மனத்தில் இருக்கிறார். இவர் நாற்பது ஆண்டாகத் தேங்காய் எண்ணெய் வைத்து, நடுவகிடு எடுத்து, இறுக்கி வாரிக் கொண்டை போடுபவர். காது முழுவதும் வெளியே தெரியும். காதின் பின்புறமும் பிடரியின் முடிக்கரையும் பின்னால் நிற்பவர் கண்ணில் படும். கோவிலில், பேருந்தில், திருமணப் பந்தலில் பின்வரிசையில் உட்கார்ந்திருப்பவர் பார்ப்பது அந்த இடத்தைத்தான்.

நாள் குறித்தல்

திருமணத்துக்கு ஆறு வாரம் முன்பு செய்யலாம் என்ற அவருடைய திட்டம் ஏற்கப்படவில்லை. தையல் பிரித்த முதல் இரண்டு வாரத்தில் கோடு மெல்லியதாக, நன்றாக ஆறிவிட்டதுபோலத் தெரியும். ஏமாறக் கூடாத கட்டம் அது. நான்காவது வாரத்திலிருந்து பன்னிரண்டாவது வாரம் வரை புதிய நார்ப்புரதம் மளமளவென்று படிவதால் தழும்பு சிவந்து, விறைத்து, சற்று மேடாகும். கருந்தோலில் அந்தச் சிவப்பு அடர் பழுப்பாகத் தெரியும். ஆறாவது வாரம் என்பது அந்த ஏற்றத்தின் நடுப்பகுதி. அதற்குப் பிறகே தழும்பு மெல்ல இளகி வெளுக்கத் தொடங்கும், முழுதாக முதிர 12 முதல் 18 மாதம் பிடிக்கும்.

இரண்டு வழி சொல்லப்பட்டது: திருமணம் முடிந்து செய்வது, அல்லது உடனே செய்து ஏழு மாத இடைவெளி விடுவது. யோசிக்க இரண்டு வாரம் தரப்பட்டது. அவர் இரண்டாவதைத் தேர்ந்தார். காதருகே தடித்த தழும்போ கீலாய்டோ வரலாம், வந்தால் பல மாத ஊசி சிகிச்சை தேவைப்படும் என்பதை ஒப்புதல் படிவத்தில் தமிழில் எழுதிப் படித்துக் காட்டிய பிறகே கையெழுத்து வாங்கப்பட்டது. தழும்பே விழாது என்ற பேச்சுக்கு அங்கேயே முற்றுப்புள்ளி வைக்கப்பட்டது. தோலின் முழுத் தடிமனையும் அறுத்தால் தழும்பு விழத்தான் செய்யும். அது எந்த இடத்தில், எவ்வளவு மெல்லியதாக விழுகிறது என்பது மட்டுமே மருத்துவர் கையில் இருக்கிறது.

கீறல் எங்கே, ஏன்

காதின் அடிநுனியான சோணையோடு முடிந்துவிடும் குட்டைக் கீறல் முதலில் பரிசீலிக்கப்பட்டது. கீலாய்டு சந்தேகம் உள்ள ஒருவருக்குக் கீறல் எவ்வளவு குறைவோ அவ்வளவு நல்லது என்பது நியாயமான வாதம். ஆனால் கழுத்துத் தோல் இவருக்கு மிகவும் தளர்ந்திருந்தது. அதை மேலே இழுத்துச் சோணைக்குக் கீழே முடித்தால் அங்கே கொசுவம் வைத்ததுபோல் சுருக்கம் நின்றுவிடும். காதுக்குப் பின்னாலும் கீறாமல் அந்த உபரித் தோலை நீக்க முடியாது. முழுக் கீறலே முடிவாயிற்று.

*கிருதாவும் நெற்றிப்பொட்டும்.* கண்ணின் வெளியோரத்திலிருந்து பொட்டின் முடிக்கரை வரை அளந்ததில் 4.8 செ.மீ. இறுக்கி வாரிய பழக்கத்தால் பொட்டில் முடி ஏற்கெனவே பின்வாங்கியிருந்தது. கீறலை முடிக்குள்ளே வைத்துத் தோலை மேலே இழுத்தால் கிருதாவும் முடிக்கரையும் சேர்ந்து பின்னால் போகும். அந்த இடைவெளி 5 செ.மீ.யைத் தாண்டினால் முகம் இயல்பாக இருக்காது, தழும்பு எவ்வளவு நன்றாக மறைந்திருந்தாலும் அறுவை நடந்தது வெளிப்படும். எனவே கிருதாவுக்குக் கீழே குறுக்காக ஒரு கீறல், அங்கிருந்து முடிக்கரையை ஒட்டி 2 செ.மீ. மேல்நோக்கி.

முடிக்கரையில் கத்தியைப் பிடிக்கும் கோணம் தனிக்கவனம் கேட்பது. தலைமுடிக்குள் கீறும்போது முடிவேர்கள் சாய்ந்திருக்கும் கோணத்துக்கு இணையாகக் கத்தி போகவேண்டும், இல்லையென்றால் வேர் அறுந்து வழுக்கைக் கோடு விழும். முடிக்கரையில் அதற்கு நேர்மாறு. கத்தியைச் சாய்த்து வேர்களுக்குக் குறுக்கே வெட்டி, முடித்தண்டை மட்டும் அறுத்து வேரைக் கீழே விட்டுவைக்க வேண்டும். அதன்மேல் தோலைப் போர்த்தித் தைத்தால் சில மாதத்தில் முடி தழும்பைத் துளைத்துக்கொண்டு முளைத்து, அதன் முன்னாலும் நிற்கும்.

*காதின் முன்புறம்.* ட்ரேகஸ் என்பது காதுத் துளைக்கு முன்னால் மூடிபோல் நிற்கும் சிறு குருத்தெலும்பு. கீறலை அதற்கு முன்னாலும் வைக்கலாம், அதன் உள்விளிம்பிலும் வைக்கலாம். ஆண்களுக்குப் பெரும்பாலும் முன்னால் வைப்பார்கள், இல்லையென்றால் தாடி முளைக்கும் தோல் ட்ரேகஸின் மேல் ஏறிவிடும். இவருக்குக் காதுக்கு முன்னுள்ள தோல் ட்ரேகஸின் தோலைவிட ஒரு படி கருமை. முன்னால் வைத்தால், கோடு மெல்லியதாக ஆறினாலும், இரு நிறங்களுக்கு நடுவே எல்லைக்கோடுபோலத் தெரியும். எனவே உள்விளிம்பு தேர்ந்தெடுக்கப்பட்டது. அதற்கு விலை உண்டு. கன்னத்தின் தடித்த தோல் ட்ரேகஸின் மேல் வந்து உட்காரும். அடியிலுள்ள கொழுப்பை முழுவதும் வழித்து மெல்லியதாக்கி, துளிகூட இழுவையில்லாமல் மேலே படியவைக்க வேண்டும். தவறினால் ட்ரேகஸ் முன்னோக்கி இழுபட்டுக் காதுத் துளை திறந்து கிடக்கும்.

*சோணை.* ஃபேஸ்லிஃப்டில் அடிக்கடி கெடும் இடம். கன்னத் தோலைச் சோணையில் தொங்கவிடுவதுபோல் தைத்துவிட்டால் மாதங்கள் போகப்போக அதன் பாரம் சோணையைக் கீழே இழுத்துத் தாடையோடு ஒட்டவைத்துவிடும். இவருடைய சோணை ஜிமிக்கியின் கனத்தால் ஏற்கெனவே நீண்டிருந்தது, துளையும் கீறலாகத் தொங்கியது. சோணையைச் சுற்றி 2 மி.மீ. தோலை விட்டுவைத்துக் கீறுவது, கன்னத் தோலைச் சோணைக்கு அடியில் செருகுவது, சோணை எதையும் தாங்காமல் தானாகத் தொங்குவது என்று திட்டமிடப்பட்டது. துளையையும் அதே நாளில் சரிசெய்யலாமா என்று மகள் கேட்டார். கீலாய்டுக்குப் பேர்போன இடத்தில் இன்னொரு காயம் வேண்டாம் என்று ஒத்திவைக்கப்பட்டது.

*காதின் பின்புறமும் பிடரியும்.* காதும் தலையும் சேரும் மடிப்பிலேயே கீறினால் தழும்பு நாளடைவில் கீழிறங்கிக் கழுத்துப் பக்கம் வந்துவிடும். அதனால் மடிப்பிலிருந்து 2 மி.மீ. காதின் மேலேறிக் கீறல் வைக்கப்பட்டது. அங்கிருந்து முடிக்கரைக்குத் தாண்டும் இடம் உயரமாக, காதின் நிழலுக்குள்ளேயே இருக்கவேண்டும். தாழ்வாகத் தாண்டினால் கொண்டை போட்டவருக்கு அது வெறும் தோலில் போட்ட குறுக்குக் கோடு.

முடிக்கரையை அடைந்த பிறகு எந்தப் பக்கம் திரும்புவது என்பதில்தான் அதிக நேரம் போனது. முடிக்குள் போனால் கோடு மறையும். ஆனால் நீக்கவேண்டிய கழுத்துத் தோல் ஏறக்குறைய 2 செ.மீ. அவ்வளவு தோலை இழுத்து முடிக்குள் தைத்தால் மேலேயும் கீழேயும் உள்ள முடிக்கரைகள் ஒன்றோடொன்று சேராமல் படிக்கட்டுபோல் விலகும். முடியை விரித்துவிடுபவருக்கு அது தெரியாது. கொண்டை போட்டால் முதலில் தெரிவது அதுதான். முடிக்கரையை ஒட்டியே போனால் படி விழாது, ஆனால் முழுக்கோடும் வெளியே இருக்கும். இறுதியில் மேல் 3 செ.மீ. மட்டும் முடிக்கரையை ஒட்டி, பிறகு பிடரியின் பூனைமுடி தொடங்குவதற்கு முன்பே முடிக்குள் திருப்புவது என்று முடிவானது.

*முகவாய்க்குக் கீழே.* கழுத்துத் தசைப்பட்டைகளை நடுவில் சேர்த்துத் தைக்க 2.5 செ.மீ. கீறல். அங்குள்ள இயற்கை மடிப்பில் வைக்காமல் அதற்குச் சற்றுப் பின்னால். மடிப்பிலேயே வைத்தால் அது உள்ளிழுத்து ஆழமாகி, முகவாய் தனியே தொங்குவதுபோல் ஆகிவிடும்.

அறுவை நாள்

காலையில் அவரே கண்ணாடி முன் அமர்ந்து வழக்கம்போலக் கொண்டை போட்டுக்கொண்டார். அந்த நிலையில் கோடுகள் வரையப்பட்டு, பின்புறமிருந்தும் பக்கவாட்டிலிருந்தும் பார்த்துச் சரிசெய்யப்பட்டன. கொண்டையை அவிழ்த்ததும் பிடரிக் கோடு வேறு இடத்தில் இருப்பதுபோலத் தோன்றியது. படுக்கவைத்து வரைந்திருந்தால் அந்த வேறுபாடு கண்ணுக்கே வந்திருக்காது. முடி மழிக்கப்படவில்லை. வகிடெடுத்துச் சிறு சிறு ரப்பர் வளையங்களால் கட்டப்பட்டது.

மரத்துப்போகச் செய்யும் லிடோகெய்னும் இரத்தக் குழாய்களைச் சுருக்கும் 1:200,000 அட்ரினலினும் கலந்த திரவம் செலுத்தி, தோல் வெளிறும்வரை பத்து நிமிடத்துக்கு மேல் காத்திருந்து கீறல் தொடங்கியது. முகத்தின் இழுவை முழுவதும் ஸ்மாஸ் என்னும் ஆழ்ந்த தசையுறையில் தரப்பட்டது. 1976இல் மிட்ஸும் பெய்ரோனியும் விவரித்த இந்த உறை கிடைத்த பிறகுதான் ஃபேஸ்லிஃப்ட் தழும்புகளின் தரம் மாறியது. அதற்கு முந்தைய முறையில் தோலே பாரத்தைச் சுமந்தது, சுமந்த இடமெல்லாம் அகன்றது. இங்கே உறையைத் தைத்து முடித்ததும் தோல் வெறுமனே மேலே போர்த்தப்பட்டது. தையல் போடுவதற்கு முன்பே இரு விளிம்புகளும் தாமாகத் தொட்டு நிற்கவேண்டும். அதுதான் அளவுகோல்.

வலப்பக்கம் அந்த அளவுகோல் எல்லா இடத்திலும் நிறைவேறியது. இடப்பக்கம், காதுக்குப் பின்னால் உயரமான முனையில் தோல் 3 மி.மீ. அளவு கூடுதலாக வெட்டப்பட்டுவிட்டது. உள்தையல் போட்டதும் விளிம்புகள் சேர்ந்தன, ஆனால் தோல் வெளிறி நின்றது. சில நிமிடத்தில் நிறம் திரும்பியதால் அப்படியே விடப்பட்டது.

காதின் முன்புறம் மிக மெல்லிய 6-0 நைலான் நூல், முடிக்கரையிலும் காதின் பின்புறமும் சற்றுத் தடித்த 5-0, முடிக்குள் ஸ்டேப்ளர். இருபுறமும் வடிகுழாய்.

முதல் பத்து நாள்

முதல் இரவு தலை உயர்த்திய நிலையில் வைக்கப்பட்டது. அழுத்தம் 140ஐத் தாண்டவிடவில்லை. இரத்தம் தேங்கவில்லை. மறுநாள் வடிகுழாய்கள் எடுக்கப்பட்டன. மூன்றாம் நாள் குழந்தைகளுக்கான ஷாம்பூவால் தலை கழுவப்பட்டது. முடி உலர்த்தும் கருவியைக் குளிர்காற்றில் மட்டும் வைக்கவேண்டும் என்பது இருமுறை வலியுறுத்தப்பட்டது. கன்னமும் காதும் பல வாரம் மரத்துப்போயிருக்கும், சூடு பட்டுத் தோல் வெந்தாலும் உறைக்காது.

காதின் முன்புறத் தையல்கள் ஆறாம் நாள் பிரிக்கப்பட்டன. அதற்குமேல் விட்டால் தையல் குத்திய இடங்களே தண்டவாளக் குறுக்குக் கட்டைபோலத் தழும்பாகும்.

அதே ஆறாம் நாள் இடது காதின் பின்புறம், வெளிறி நின்ற அந்த முனையில், 1 செ.மீ. நீளமும் அரை செ.மீ. அகலமும் உள்ள தோல் கறுத்திருந்தது. விரித்தெடுத்த தோலில் அந்த முனைதான் இரத்த ஓட்டத்துக்கு ஆகத் தொலைவில் இருப்பது. தோல் மெல்லியதும் அங்கேதான், இழுவை விழுவதும் அங்கேதான். தூக்கத்தில் இடப்பக்கம் திரும்பிப் படுத்ததையும் மூக்குக்கண்ணாடியின் கால் அதே இடத்தில் அழுத்தியதையும் மகள் தெரிவித்தார். இரண்டும் சேர்ந்து கெடுத்திருக்கலாம், ஆனால் மூலம் அந்த 3 மி.மீ.தான் என்பதில் ஐயமில்லை.

கறுத்த தோல் வெட்டியெடுக்கப்படவில்லை. சீழோ காய்ச்சலோ இல்லை. வாஸ்லின் தடவி ஈரம் காயாமல் மூடிவைத்து, தானாக உரிந்து அடியிலிருந்து ஆறவிடப்பட்டது. மற்ற தையல்களும் ஸ்டேப்ளர்களும் பத்தாம் நாள் எடுக்கப்பட்டன.

மூன்றாம் வாரத்திலிருந்து ஒன்பதாம் வாரம் வரை

மூன்றாம் வாரம் இடது காதின் பின்புறக் காயம் மூடியது. தழும்பு தடிக்காமலிருக்கச் சிலிக்கோன் தகடு தரப்பட்டது. மார்பிலோ வயிற்றிலோ அது நன்றாக ஒட்டும். காதின் பின்புறம், ஆண்டு முழுதும் புழுங்கும் இந்த ஊரில், அரை நாளுக்குமேல் நிற்கவில்லை. சிலிக்கோன் ஜெல்லுக்கு மாற்றப்பட்டது: மெல்லிய பூச்சாக நாளைக்கு இருமுறை, ஐந்து நிமிடம் உலரவிட்டு, குறைந்தது மூன்று மாதம்.

தலைக்கு எண்ணெய் மூன்று வாரம் கழித்து அனுமதிக்கப்பட்டது, தழும்பின்மேல் படாமல். வீட்டில் மாமியார் மஞ்சளும் தேங்காய் எண்ணெயும் குழைத்துத் தடவச் சொல்லியிருந்தார். மஞ்சள் புதுத்தோலில் கறை ஏற்றும், சிலருக்கு ஒவ்வாமையும் தரும். ஒவ்வாமை அழற்சி கருந்தோலில் கரும்படலமாக முடியும். அந்தக் காரணம் விளக்கப்பட்டதும் மாமியாரே விட்டுவிடச் சொன்னாராம். தலைவலித் தைலத்தை நெற்றிப்பொட்டில் தேய்ப்பதும் அதே காரணத்துக்காக நிறுத்தப்பட்டது. காதில் மாட்டும் முகக்கவசத்துக்குப் பதில் தலைக்குப் பின்னால் கட்டுவது பரிந்துரைக்கப்பட்டது, கவசத்தின் வார் உட்காரும் இடம் அப்படியே கீறல் இருக்கும் மடிப்பு. தோடு, ஜிமிக்கி எதுவும் எட்டு வாரத்துக்குக் கூடாது. மூன்றாம் வாரத்தில் காயத்தின் வலிமை பழைய தோலின் வலிமையில் ஐந்தில் ஒரு பங்குதான். மூன்று மாதத்தில் சுமார் 80% வரும். முழு வலிமை ஒருபோதும் திரும்புவதில்லை.

அடுத்த சந்திப்பு ஒன்பதாம் வாரம். இடது காதின் பின்புறத் தழும்பு 4 செ.மீ. நீளத்துக்குக் கயிறுபோல் தடித்து, அடர் பழுப்பாக, தொட்டால் விறைப்பாக இருந்தது. ஐந்தாம் வாரத்திலிருந்தே அரித்திருக்கிறது. ஏன் சொல்லவில்லை என்று செவிலியர் கேட்டதற்கு, "அரிச்சா ஆறுதுன்னு தானே சிஸ்டர் அர்த்தம்?" என்றார்.

தமிழ் வீடுகளில் எல்லோரும் சொல்லும் வார்த்தை அது, சின்னச் சிராய்ப்புக்குப் பொருந்தவும் செய்யும். மூடிய காயத்தில் வாரக்கணக்காகத் தொடரும் அரிப்பு வேறு. தழும்பு செயல்பாட்டோடு தடித்துக்கொண்டிருக்கிறது என்பதற்கு அதுவே முதல் அறிகுறி, மேடு கண்ணுக்குத் தெரிவதற்கு முன்பே வருவது. நான்கு வாரம் இதில் போய்விட்டது.

சிகிச்சை

தடிப்பு காயக் கோட்டுக்குள்ளேயே நின்றது, நல்ல தோலுக்குள் பரவவில்லை. தோல் இறந்து தாமதமாக ஆறிய இடத்தில்தான் ஆகத் தடித்திருந்தது. இந்த இரண்டு காரணத்தால் தடித்த தழும்பு என்று மதிப்பிடப்பட்டது. காது மேல்விளிம்பின் பழைய கட்டியை நினைவில் வைத்து, கீலாய்டு இல்லை என்று சொல்லாமல் கண்காணிப்பில் வைக்கப்பட்டது.

டிரையாம்சினலோன் என்னும் ஸ்டெராய்டு 1 மி.லி.க்கு 10 மி.கி. செறிவில், 30 கேஜ் ஊசியால், செ.மீ.க்கு ஏறக்குறைய 0.1 மி.லி. வீதம் செலுத்தப்பட்டது. மருந்து தழும்பின் உடலுக்குள் போகவேண்டும். சரியான ஆழத்தில் இருந்தால் தழும்பு வெளிறி எழும், ஊசிக்கு எதிர்ப்பும் இருக்கும். எதிர்ப்பில்லாமல் சுலபமாக இறங்கினால் ஊசி தழும்பைத் தாண்டிக் கொழுப்புக்குள் போயிருக்கிறது என்று அர்த்தம், அங்கே குழி விழும். 40 மி.கி. செறிவில் தொடங்காததற்குக் காரணம் தோலின் நிறம். செறிவு கூடக்கூடக் கருந்தோலில் வெண்திட்டு விழும் வாய்ப்பு கூடும், தழும்பைவிட அந்தத் திட்டு எடுப்பாகத் தெரியும். நீரிழிவு இருப்பதால் ஊசிக்குப் பிறகு சில நாள் சர்க்கரையை வீட்டில் அளக்கச் சொல்லப்பட்டது.

ஒன்பது, பதின்மூன்று, பதினெட்டாம் வாரங்களில் மூன்று தடவை. முதல் ஊசிக்குப் பத்து நாளில் அரிப்பு நின்றது. இரண்டாவதுக்குப் பிறகு கயிறு நாடாவாயிற்று. மூன்றாவதுக்குப் பிறகு தோல் மட்டத்துக்கு வந்தது. அதற்குமேல் போடப்படவில்லை. தட்டையான தழும்பில் மேலும் ஸ்டெராய்டு செலுத்தினால் மெலிந்து குழிவதைத் தவிர வேறு பயனில்லை.

பதின்மூன்றாம் வாரத்தில் இன்னொன்றும் தெரிந்தது. வலது கிருதாவுக்குக் கீழே கோட்டை ஒட்டிக் கரும்படலம், இடப்புறம் அவ்வளவில்லை. காரணம் தேடியதில், பேரப்பிள்ளைகளைத் தினமும் பள்ளிக்கும் டியூஷனுக்கும் காரில் கொண்டுவிடுபவர் அவர். இங்கே ஓட்டுநர் இருக்கை வலப்புறம். பக்கவாட்டுக் கண்ணாடி புறஊதா ஏ கதிர்களைப் பெருமளவு உள்ளே விடும். காருக்குள் இருக்கும்போது வெயில் படவில்லை என்று நினைத்துச் சன்ஸ்க்ரீன் போடாமல் விட்டிருந்தார். இரும்பு ஆக்சைடு கலந்த, தோல் நிறம் கொண்ட சன்ஸ்க்ரீன் தரப்பட்டது. கருந்தோலின் கரும்படலத்தை வெறும் கண்ணுக்குத் தெரியும் ஒளியும் அடர்த்தியாக்கும், நிறமில்லாத சன்ஸ்க்ரீன் அதைத் தடுப்பதில்லை. இரவில் அசெலாயிக் அமிலக் களிம்பு. லேசர் பற்றி மகள் கேட்டார். இந்த நிறத் தோலில், இன்னும் முதிராத தழும்பில், லேசரின் சூடே புதிய கரும்படலத்தைக் கொண்டுவரக்கூடும் என்பதால் தவிர்க்கப்பட்டது.

ஏழாம் மாதமும் அதற்குப் பின்னும்

திருமணத்தன்று கொண்டையும் மல்லிகைச் சரமும் வைத்துக்கொண்டார். ஜிமிக்கி லேசானது, மாட்டல் இல்லை. மாட்டல் கனத்தைச் சோணையிலிருந்து வாங்கிக் காதுக்கு மேலே முடியில் கோத்து இழுக்கும், ஊசிபோட்ட தழும்புக்கு அருகே அந்த இழுவை வேண்டாம் என்று அவரே முடிவு செய்தார். பிடரிப் படத்தில் முடிக்கரை உடையாமல் இருந்தது. மேல் 3 செ.மீ. கோடு, தேடிப் பார்த்தால் தெரியும் அளவில், இளம்பழுப்பு.

12ஆம் மாதத்தில் முடிக்கரைத் தழும்பைத் துளைத்து முடி வளர்ந்திருந்தது. வலப்புறக் கரும்படலம் மறைந்திருந்தது. ட்ரேகஸ் வடிவம் கெடவில்லை, சோணைகள் தனியே தொங்கின. 18ஆம் மாதத்தில் கீலாய்டு எதுவும் தோன்றவில்லை. இடது காதின் பின்புறம் அரை செ.மீ. அகலத்தில் வெளிறிய பட்டை நிரந்தரமாக நின்றுவிட்டது. பாதி தோல் இறப்பால் வந்த அகலம், பாதி ஸ்டெராய்டால் வந்த வெளுப்பு. இடது சோணையில் மரப்பு சற்று மிச்சமிருக்கிறது.

மாற்றிச் செய்யப்படுபவை

அறுவை மேசையில் வெளிறிய விளிம்பைக் கண்ட உடனே தையலைப் பிரித்து, சுற்றியுள்ள தோலை இன்னும் சற்று விடுவித்துத் தைத்திருக்க வேண்டும். நிறம் திரும்பியது போதுமான சான்றாக எடுத்துக்கொள்ளப்பட்டது. மறுநாளிலிருந்து ஏறும் வீக்கத்துக்கு அந்த விளிம்பில் மிச்சம் எதுவுமில்லை என்பது கணக்கில் வரவில்லை. அந்த முனையில் இப்போது 2 மி.மீ. தோல் கூடுதலாகவே விடப்படுகிறது. சிறு கொசுவம் விழுந்தாலும் அது மாதங்களில் படிந்துவிடும், இறந்த தோல் திரும்பாது.

மூன்றாம் வாரத்துக்கும் ஒன்பதாம் வாரத்துக்கும் நடுவே சந்திப்பே வைக்காதது தவறு. தழும்பு தடிக்கத் தொடங்குவது அந்த இடைவெளியில்தான். கீலாய்டு ஐயம் உள்ளவர்களுக்கு ஐந்தாம், ஏழாம் வாரங்களிலும் சந்திப்பு வைக்கப்படுகிறது. மூக்குக்கண்ணாடி அணிபவர்களிடம் முதல் மூன்று வாரத்துக்குக் கண்ணாடிக் காலைக் காதில் ஊன்றாமல் நெற்றியில் நாடாவால் ஒட்டிக்கொள்ளச் சொல்லப்படுகிறது. இடைக்காலப் படங்கள் எல்லாம் முடியை ஒதுக்கிப் பிடித்து எடுக்கப்பட்டவை, கொண்டை போட்ட படம் இறுதியில்தான் எடுக்கப்பட்டது. இப்போது எல்லாச் சந்திப்பிலும் அவரவர் வழக்கமாக முடியைக் கட்டும் விதத்திலேயே ஒரு படம் எடுக்கப்படுகிறது.

வீட்டுக்குக் கொடுத்தனுப்பும் தமிழ்க் குறிப்புத்தாளில் வலி, வீக்கம், சீழ், காய்ச்சல் எல்லாம் இருந்தன, அரிப்பு இல்லை. அதில் சேர்க்கப்பட்ட வரி இது: "தையல் பிரித்து மூன்று வாரத்துக்குப் பிறகும் தழும்பு அரித்தால், ஆறுகிறது என்று விட்டுவிடாதீர்கள். அடுத்த சந்திப்புக்குக் காத்திராமல் அன்றே கூப்பிடுங்கள்."